நான் சுத்தமாக்கிய ஓடைக்கரை

என் கை பட்ட மலையில் புல் நிற்காது. இதை நான் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, அந்தக் காலத்தில் தோட்டமே சொல்லும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மற்றப் பெண்களைக் கூட்டிவந்து என் துண்டைக் காட்டி, “பாத்துக்கங்க, இதுதான் புல்லு வெட்டு” என்று சொல்லியிருக்கிறார். பக்கத்துக் காம்பராக்காரி, “அக்கா தலையில பேன்கூடக் குடியிருக்கப் பயப்படும்” என்று கேலி செய்வாள். எனக்கு அது கேலியாகவே படாது. உள்ளுக்குள் குளிர்ந்து போகும்.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் மலை என்றுதான் சொல்வோம்; மலைக்கு நம்பர் உண்டு. கொழுந்து எடுப்பது அன்றாட வேலை. புல் வெட்டுவது கொந்தரப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை வரிசைத் தேயிலை என்று ஒப்படைத்துவிடுவார்கள். கொழுந்து வேலை முடிந்த பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய் நாமே சொரண்டிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒரு முறை கண்டாக்கு வந்து பார்ப்பார். ஒரு புல் தலைகாட்டினால் முகத்தைச் சுளிப்பார். தேயிலையைத் தவிர வேறு எதுவும் மண்ணில் நிற்கக்கூடாது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம். ஏழு வயதில் சொரண்டியைப் பிடித்தவள் நான். பச்சையாக எதைக் கண்டாலும் கண்ணுக்கு முன்னால் கை போய்விடும்.

என் தம்பி வேறு மாதிரி. அவன் கவ்வாத்துக்காரன். வளர்ந்து போன தேயிலையைக் கத்தியால் வெட்டிக் கட்டையாக்குவது கவ்வாத்து. கை வேகத்தில் அவனை அடிக்க ஆள் கிடையாது, ஆனால் மனசு பஞ்சு. பாதையில் அட்டை ஊர்ந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போவான். “நீ ஆம்பளையா பொறந்திருக்கக் கூடாதுடா, என் கோபத்துல பாதியாவது உனக்கு இருந்திருக்கணும்” என்று நான் ஏசாத நாள் இல்லை. அவனும் பதிலுக்கு, “ரெண்டு பேர் பங்கையும் நீயே எடுத்துக்கிட்ட, நான் என்னாக்கா செய்ய?” என்பான்.

ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்துக்கு மேலே இரண்டு காடு இருந்தது. உச்சியில் இருந்தது மேல்காடு. அது எங்கள் தோட்டத்தோடு முடிகிற காடு இல்லை. முகட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த தோட்டம், அதற்கடுத்த தோட்டம் என்று சிவனொளிபாதமலைப் பக்கம் வரை போகும். அதற்குக் கீழே, ஒன்பதாம் நம்பர் மலைக்கு நடுவில், பாறையும் செங்குத்துமாக ஒரு சின்னக் காடு. உள்ளே முனிக்கல் இருந்ததால் அது முனிக்காடு. வெள்ளைக்காரத் தொரைமார் காலத்திலிருந்தே அதில் யாரும் கத்தி வைத்ததில்லை. அவர்களுக்குப் பாறை தொந்தரவு, எங்களுக்கு முனி பயம்.

மேல்காட்டில் பிறக்கிற ஓடை முனிக்காட்டுக்குள் நுழைந்து, வெளியே வந்து, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் லயத்துப் பீலியில் விழும். பிறகு கீழே, நாங்கள் நாடு என்று சொல்கிற சிங்களக் கிராமத்தின் வயலுக்குப் பாயும். கடைசியில் நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் போய்ச் சேரும். எங்கள் தண்ணீரில் கொழும்பில் விளக்கு எரிந்தது. எங்கள் காம்பராவில் குப்பி விளக்கு.

இரண்டு காட்டையும் சேர்த்து வைத்திருந்தது ஓடையின் இரு கரையிலும் நின்ற மரங்கள். இருநூறு, முந்நூறு தப்படி நீளம் இருக்கும். எழுபதுகளில் பஞ்சம் வந்தபோது அதை வெட்டினோம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த சமயம். வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை, கடையில் மாவு இல்லை. கரையில் மரவள்ளி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஆளுக்கொரு துண்டு பிடித்தோம். நானும் வெட்டினேன். அந்தக் கிழங்கு இல்லாவிட்டால் என் இரண்டாவது பிள்ளை இன்று இருக்காது. அதைப் பாவம் என்று யாராவது என்னிடம் சொல்ல வந்தால் வந்த வழியே போகச் சொல்வேன்.

பஞ்சம் தணிந்து மரவள்ளியும் போனது. மரம் மட்டும் திரும்பி வரவில்லை. கரை முழுக்கப் புதர் புதராகப் பத்தையும் முள்ளும் ஏறியது.

முனிக்காட்டில் ஒரு கருமந்திக் கூட்டம் இருந்தது. தாடி வைத்த கிழவர்கள் போல முகம், நீண்ட வால். விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் நேரம் அதில் பெரியது ஒன்று தொண்டையைத் திறந்து உறுமும்; மேல்காட்டிலிருந்து இன்னொரு கூட்டம் பதில் கொடுக்கும். முன்பெல்லாம் ஓடைக்கரை மரங்களில் தாவி மேலே போய்த் தின்றுவிட்டு வரும். மரம் போன பிறகு சின்னக் காட்டுக்குள் மாட்டிக்கொண்டது. பசி தாங்காமல் தரையில் இறங்கித் தேயிலைக்குள் ஓடப் பார்க்கும். லயத்து நாய்கள் சும்மா விடுமா? ஒன்பது இருந்தது ஏழானது. ஏழு ஆறானது.

ஆறானது என் தம்பியின் நாயால். அவன் வளர்த்த செவலை நாய், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் ஒரு பெண் மந்தியைக் குரல்வளையில் பிடித்துவிட்டது. அதன் வயிற்றில் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி அந்தக் குட்டியை எடுத்துவந்து என் அடுப்படியில் சாக்குக்குள் வைத்துப் பால்மாவு கரைத்து ஊற்றிப் பார்த்தான். இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அதைப் புதைத்துவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து, “நான் வளத்த நாய்க்கா” என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் கண்டாக்கு ஐயாவிடம் போய் நின்றான். எங்கள் பக்கம் கவ்வாத்து வெட்டும்போது செடியை ஒரேயடியாக மொட்டையாக்க மாட்டார்கள். ஓரத்தில் இலையோடு ஒரு கொப்பை விட்டுவைப்பார்கள். புதுத் துளிர் வரும் வரை அந்தக் கொப்புதான் செடிக்கு மூச்சு. தம்பி அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

“ஐயா, ஒரு தேயிலைச் செடிக்கே கொப்பு விட்டுத்தான் வெட்டுறோம். முனிக்காட்டுக்கு ஒரு கொப்புகூட விடாம மொட்டையடிச்சிட்டோம். ஓடைக்கரையில மரம் நட்டுக்கிறேன். அதுங்க மேல போய் வந்துரும்.”

கண்டாக்கு நல்ல மனுஷன். “தேயிலைக்கு அந்தக் கரை ஆகாது, நட்டுக்க. ஆனா பேர் போட மாட்டேன்” என்றார். பேர் போடுவது என்றால் ஒரு நாள் சம்பளத்துக்குக் குறிப்பது. தம்பி பேர் கேட்டு அங்கே போகவில்லை.

என்னிடமும் சொன்னான். நான் என்ன சொன்னேன்? “காட்டுல போய் மரம் நடுற கிறுக்கனை இப்பத்தான்டா பாக்குறேன்” என்று சிரித்தேன். அதோடு அவன் பேச்சை விட்டுவிட்டான். நானும் மறந்துவிட்டேன். அவன் விளையாட்டாக நாலு நாள் செய்துவிட்டு நிறுத்தியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் நிறுத்தவில்லை. மழை தொடங்கியதும் பின்னேரங்களில் மேல்காட்டின் ஓரத்திலிருந்து கன்றுகளை மண்ணோடு பெயர்த்துவந்து நட்டிருக்கிறான். கீழ் நாட்டிலிருந்து ஒரு சிங்கள ஆள் அவனுக்குத் துணை. ஓடையில் தண்ணீர் குறைந்து வயல் வெடிக்கிறது என்று சண்டை போட வந்த மனுஷன், தம்பியின் கதையைக் கேட்டுவிட்டுக் கூடவே மண் தோண்ட உட்கார்ந்துவிட்டாராம். எது கீனா, எது தம்ப, எது கெந்த என்று மரத்தின் சிங்களப் பேரை இலையைப் பார்த்தே சொல்வார். தம்பியை மல்லி, மல்லி என்றுதான் கூப்பிடுவார்; சிங்களத்தில் அதற்குத் தம்பி என்றுதான் அர்த்தம்.

நட்ட கன்றுக்குப் பக்கத்தில் தம்பி ஒரு குச்சிகூட ஊன்றவில்லை. ஊன்றினால் அடுப்புக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். சுற்றியிருந்த பத்தையையும் வெட்டவில்லை. வெயிலுக்கு நிழல் வேண்டுமே. ஆகவே பார்ப்பவர் கண்ணுக்கு அது கேட்பாரற்ற கரை. இரண்டு கரையிலும் பத்தைக்குள் ஒளிந்துகொண்டு காடு ஒன்று முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. மழை முழுக்கக் குடித்து, பனியையும் தாங்கி, வேர் பிடித்துவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு இந்தியா வந்தது.

எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம்: அவனுக்கு இந்தியா வந்திருச்சு, இவனுக்கு இலங்கை வந்திருச்சு. எங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது இந்தியப் பிரஜையாக எழுதிப் போட்டிருந்தார். தம்பி அவருடைய விண்ணப்பப் பாரத்தில் இருந்தான். நான் கல்யாணமாகிப் போனவள். என் புருஷன் இலங்கைக்கு எழுதியிருந்தார். அதாவது, இரண்டு அரசாங்கம் ஒரு தாள் போட்டு எங்களைப் பங்கு பிரித்ததில் தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரை ஏசுவதென்று தெரியாமல், பாத்திரங்களைத்தான் போட்டு உருட்டினேன்.

பயணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது பாஸ்போர்ட் அலுவலாகத் தம்பி கண்டிக்குப் போனான். வர மூன்று நாள் ஆகும். அவன் பெண்சாதிக்குப் பிள்ளை பிறந்து மாதம் ஆகவில்லை. அவர்களுடைய கொந்தரப்பில் புல் முளைத்துக் கிடந்தது. ஊரை விட்டுப் போகிறவர்கள் கொந்தரப்பைச் சுத்தமாக ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கண்டாக்கு வந்து பார்த்து, “நல்லா வச்சிருந்தான்” என்று நாலு பேர் முன்னால் சொன்னால் அதுதான் மரியாதை. என் தம்பி கெட்ட பேரோடு போவதா? நான் உயிரோடு இருக்கும்போதா? அவனுக்குக் கொடுத்தனுப்ப என்னிடம் நகையா இருந்தது, நட்டா இருந்தது? என் கைதான் இருந்தது.

அவன் துண்டு என் துண்டுக்கு அடுத்தது. இரண்டும் ஓடைக்கரையில் போய் முடியும். இரண்டு பின்னேரத்தில் தேயிலைக்குள் முடித்துவிட்டேன். மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. கரையைப் பார்த்தேன். அங்கே இருக்கிற பத்தைதானே விதை போட்டு மறுபடி தேயிலைக்குள் வரும்? அரைகுறையாக ஒரு வேலையைக் கொடுப்பது என் பழக்கம் இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

காலையிலிருந்து பொழுது சாயும் வரை. ஒரு கரை முடித்து மறு கரை. நல்ல வெயில் காலம், தை கடந்து மாசி. சொரண்டி வைத்த இடமெல்லாம் பொலபொலவென்று வந்தது. நிறையக் குச்சிச் செடி பிடுங்கினேன். சிலது கொஞ்சம் இறுகப் பிடித்தது, இரண்டு கையாலும் இழுத்தேன். எல்லாவற்றையும் வேர் மேலே பார்க்கக் குவித்து வைத்தேன், முளைக்கக் கூடாது என்று. வேலை முடித்து நிமிர்ந்து பார்த்தபோது கரை, துடைத்த அம்மியாட்டம் இருந்தது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக நான் புல் வெட்டியதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். தம்பி வந்து என்ன சொல்வான் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

அவன் மறுநாள் மத்தியானம் வந்தான். பையைக்கூட வீட்டில் வைக்காமல் கொழுந்து மலைக்கே வந்து என்னைக் கூப்பிட்டான். “வா, உனக்கு ஒண்ணு காட்டுறேன்” என்று நான்தான் முன்னால் நடந்தேன். கரைக்கு வந்து, கையை விரித்து, “எப்படி?” என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. குவியல் பக்கம் போய் உட்கார்ந்தான். வாடிப் போன குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். வேரைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றைத் தனியாக வைத்தான்.

“இது கீனாக்கா” என்றான். “இது தம்ப. இது செவப்புப் பூ மரம். இத எடுக்க முகடு வரைக்கும் போனேன்.”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. விளங்கியபோது என் புத்தி உடனே என்ன செய்தது தெரியுமா? அவன் மேல் பாய்ந்தது.

“ஏன்டா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஒரு குச்சி ஊன்றக்கூடாதா? நான் என்னா ஜோசியக்காரியா?”

“சொன்னேன். நீ சிரிச்ச.”

அவ்வளவுதான். அவன் ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. அன்றைக்கே இருவரும் சேர்ந்து, உயிர் இருப்பதாகத் தெரிந்ததையெல்லாம் மறுபடி ஊன்றினோம். பீலியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். மூன்றுதான் பிழைத்தது. இரண்டு கெந்த, ஒரு கீனா. பயணத்துக்கு அப்போது பதினெட்டு நாள் இருந்தது. மழைக்கு மூன்று மாதம் இருந்தது.

“நீ போ. நான் நடுறேன்” என்றேன்.

அவன் சிரித்தான். குத்த வேண்டும் என்பதற்காக அவன் அதைச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். “உன் கை பிடுங்குற கைக்கா. நடுற கை இல்ல” என்றான்.

ஹட்டன் ஸ்டேஷனில் அன்றைக்குக் கோச்சி ஏறிய எல்லோரும் அழுதார்கள். அதை எழுதப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். தம்பி ஜன்னலில் தலையை நீட்டி மரத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. நாயைப் பற்றித்தான் பேசினான். “கட்டியே போடுக்கா. அதுங்க மேலால தாவிப் போற வரைக்கும் அவுக்காத.” நான் தலையை ஆட்டினேன்.

மழை வந்த அன்று கீழ் நாட்டுக்கு இறங்கிப் போய் அந்தச் சிங்கள ஆளைத் தேடிப் பிடித்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் ஒரு முறை பார்த்தார். சிரித்துவிட்டார். பிறகு தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, பாதி தமிழில், “நங்கி, மொதல் கெந்த நடு. அது சுறுக்கா வளரும். அது நெழல்ல மத்தது வரும்” என்றார். கன்று பெயர்க்க மேல்காட்டுக்குக் கூடவே வந்தார். அவருடைய வயலும் அந்தத் தண்ணீரில்தானே விளைகிறது.

அன்றைக்கு முதல் முறையாக மேல்காட்டு முகட்டில் ஏறி நின்று பார்த்தேன். அத்தனை வருடம் கீழே தேயிலையைக் குனிந்து பார்த்தவள். மேலேயிருந்து பார்த்தால் காடு ஒரே துணியாக எங்கெங்கோ போகிறது. எங்கள் தோட்டம், அடுத்த தோட்டம் எல்லாம் அதில் விழுந்த கிழிசல். ஒவ்வொரு கிழிசலுக்குள்ளும் முனிக்காடு மாதிரி ஒரு சின்னத் துண்டு தனியாக நிற்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டு கத்தும் போல என்று தோன்றியது. அவ்வளவையும் நான் தைக்க முடியாது. என் ஓடைக்கரையை நான்தானே கிழித்தேன், அதைத் தைத்துவிடலாம்.

நடுவது லேசு. நட்ட பிறகு சும்மா இருப்பதுதான் உயிரை எடுத்தது. கன்றைச் சுற்றிப் பத்தை வரும், கை துடிக்கும். முதல் வருடம் முந்தானையில் கையைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடப்பேன். கரையிலிருந்து விதை வந்து என் கொந்தரப்பின் மேல் வரிசைகளில் முளைத்தது. பிடுங்கப் பிடுங்க வந்தது. புதிதாக வந்த கண்டாக்கு என் துண்டில் நின்று, “என்னம்மா இது? உங்களப் பத்திப் பெருசா சொன்னாங்களே” என்றார். பக்கத்துக் காம்பராக்காரி, “அக்கா தலையில இப்ப பேன் குடியேறிருச்சு” என்றாள். இந்த முறை அது கேலியாகவே பட்டது. அன்றைக்கு அவளிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகவே பேசிவிட்டேன்.

மற்றவர்கள் மீண்டும் அந்தக் கரையில் கை வைத்துவிடக் கூடாதே என்று ஆளாளுக்குப் போய்ச் சொன்னேன். நான் செய்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். விறகுக்கு வருகிற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, “அது தம்பிக்காரன் மரம்” என்று ஒதுங்கிப் போனார்கள். பிரிந்து போன ஆள் இல்லாத காம்பரா எங்கள் லயத்தில் ஒன்றும் இல்லை.

தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. இங்கே தேயிலை வெட்டியவனை அங்கே கொண்டுபோய் அதே தேயிலைக்குள் விட்டிருக்கிறார்கள். குளிரைப் பற்றி எழுதுவான், பிள்ளை நடப்பதை எழுதுவான். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு வரி இருக்கும்: “அதுங்க போச்சாக்கா?” நான் பதிலில் எல்லாவற்றையும் எழுதுவேன், அந்த ஒரு வரிக்கு மட்டும் எழுத மாட்டேன். நாய் சுகமாக இருக்கிறது என்று எழுதுவேன். நாய் கட்டிக் கிடந்தது. அதன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். சாயங்காலத்தில் நானே கயிற்றைப் பிடித்துப் பீலி வரை நடத்திக்கொண்டு போவேன்.

இடையில் தோட்டங்களில் தமிழரைத் தேடி அடித்த கெட்ட காலம் எங்கள் ஆட்களுக்கு வந்தது. பயந்து பயந்து இருந்த நாட்களில் கீழ் நாட்டிலிருந்து அந்த மனுஷன் ஒரு சாக்கில் கன்றைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். “மழை வருது, நடணும்” என்றார். இருவரும் நட்டோம். அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

முனிக்காட்டில் மந்தி ஐந்தானது, நான்கானது. விடிகாலையில் அந்த உறுமல் கேட்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது. மரம் வளர்வது முந்துமா, மந்தி அழிவது முந்துமா என்றுதான் ஒவ்வொரு வருடமும் போனது.

ஆறு வருடம். கெந்த மரங்கள் இரண்டு ஆள் உயரம் தாண்டிக் குடை விரித்திருந்தன. கொழுந்துக்காரர்கள் ஏறி இறங்கும் குறுக்குப் பாதை ஒன்று மட்டும் கரையை நடுவில் வெட்டியது. அந்த இடத்தில் இரண்டு பக்கக் கொப்பும் எட்டவில்லை, கை நீளம் இடைவெளி.

ஒரு நாள் காலை, மஞ்சு இறங்கிக் கிடந்தது, நான் ஒன்பதாம் நம்பரில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கரையில் கொப்பு அசைந்தது. காற்று இல்லை. நிமிர்ந்தேன். தாடிக்கார முகம் ஒன்று இலைக்குள்ளிருந்து பாதையை எட்டிப் பார்த்தது. பின்னால் இரண்டு. கடைசியில் வயிற்றில் குட்டியோடு ஒன்று. நான் எண்ணி வைத்திருந்ததில் அந்தக் குட்டி இல்லை, எப்போது பிறந்ததோ. பெரியது தாவியது. கொப்பு வளைந்து மேலே வந்தது. அடுத்தது தாவியது. அதற்கடுத்தது. தாய் மட்டும் நின்றது. கீழே பார்த்தது, அங்கே பார்த்தது. கங்காணி என்னைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், அரை நாள் பேர்தான் விழும் என்று. விழட்டும். நான் கூடையோடு நின்றேன்.

தாவியது.

கொஞ்ச நேரத்தில் மேல்காட்டுக்குள்ளிருந்து உறுமல் கேட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைக்குள் உட்கார்ந்து அழுதேன். கங்காணி பயந்துபோய், “என்னாம்மா, பாம்பா?” என்று ஓடி வந்தார்.

வேலை முடிந்து வந்ததும் நாயை அவிழ்த்தேன். அதற்கு வயதாகி முன் பல் போயிருந்தது. கயிறு இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல் அதே இடத்தில் நின்றது. நான் நடந்தேன். பிறகுதான் பின்னால் வந்தது. அன்றைக்கே தம்பிக்கு எழுதினேன். நலம் விசாரிக்கவில்லை. “போச்சுடா. குட்டியோட போச்சு. நாயை அவுத்துட்டேன்.” அவ்வளவுதான் எழுதினேன்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உறைக்குள் காய்ந்த பூ ஒன்று இருந்தது. சிவப்பு கறுத்துப் போயிருந்தாலும் அடையாளம் தெரிந்தது. மேல்காட்டு முகட்டில் நிற்கிற அதே பூ. கடிதத்தை அப்படியே எழுதிவிடுகிறேன்.

“அக்கா, இங்க தோட்டத்துக்கு மேல சோலைன்னு ஒரு காடு இருக்கு. போன வாரம் உள்ள போனேன். நம்ம செவப்புப் பூ மரம் அங்க நிக்குது. நாம திங்கிற தவுட்டுப் பழம் இருக்கு. கருமந்திகூட இருக்கு, நம்ம பக்கத்துது மாதிரியே கத்துது. நம்ம மேல்காடு அங்க முடியலக்கா, இங்க வரைக்கும் வந்திருக்கு. நடுவுலதான் உன்ன மாதிரி ஒரு கொந்தரப்புக்காரி ஒரு புல்லு விடாம சொரண்டிக் கடலாக்கி விட்டுட்டா போல. அன்னைக்கு உன் கையப் பத்திச் சொன்னத எடுத்துக்கிறேன். நடுற கைதான். அந்த நடுத் துண்டையும் நீயே நட்டுரு. நான் மேலாலயே வந்துர்றேன்.”

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, லயத்துக்கே கேட்கிற மாதிரி அழுதேன். நாய் உள்ளே வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.